டெல்லி குளிருக்கு முன்பக்கம் திறந்த கேஸ் ஹீட்டர்: வீட்டுக்கு ஏத்த மாதிரி டிசைன் பண்றது எப்படி

ஜனவரி மாசம் காலைல ஆறு மணிக்கு டெல்லி முனிர்க்கால டிடிஏ (டெல்லி வளர்ச்சி ஆணையம்) ஃப்ளாட்டோட மொசைக் தரைல வெறுங்காலை வச்சுப் பாருங்க, நான் எதுக்கு இவ்ளோ மெனக்கெட்டேன்னு புரியும். இங்க வீடெல்லாம் மே மாச வெயிலுக்குக் கட்டினது, மூணு மாசக் குளிரைப் பத்தி யாரும் யோசிக்கல. 1935 ஜனவரில சஃப்தர்ஜங்ல மைனஸ் 0.6 வரைக்கும் போயிருக்கு, அவ்ளோ வேணாம், சாதாரணமா ஆறு டிகிரி இருந்தாலே போதும், சுவரு தரை எல்லாம் நம்ம ஒடம்புச் சூட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கும்.

கும்பகோணத்துலேர்ந்து அப்பா வந்து ரெண்டு நாள் ரஜாய்க்குள்ளயே (பஞ்சு வச்ச போர்வை) கிடந்ததைப் பாத்துட்டுதான் இந்த ஹீட்டர் வேலைல இறங்கினேன். ரெண்டு வருஷம், மூணு தடவை பிரிச்சுப் பிரிச்சுக் கட்டினது. அதுல கத்துக்கிட்டதை வரிசையா எழுதறேன். வீட்ல ஏற்கெனவே ஹாட் அண்ட் கோல்ட் இன்வெர்ட்டர் ஏசி இருந்தா இதைப் படிக்கவே வேணாம், அது இழுக்கிற கரண்டைப் போல மூணு மடங்கு சூட்டை உள்ள தள்ளும், கேஸ் ஹீட்டர் அதுகிட்ட நிக்காது. கரண்ட் லோடு பத்தல, இல்ல குளிர்ல கரண்ட் போயிட்டுப் போயிட்டு வருது, இல்ல நெருப்பு முன்னாடி உக்காந்து குளிர் காயணும்னு ஆசை, இப்படிப்பட்டவங்களுக்குத்தான் இது.

இன்னொண்ணு கறாரா சொல்லிடறேன். இதுல நாம டிசைன் பண்றது பெட்டி, ரிஃப்ளெக்டர், சூட்டை வாங்கற அறை, சிம்னி, காத்து வர்ற வழி, இவ்ளோதான். பர்னர், வால்வு, பைலட் (பர்னரைப் பத்த வைக்கிற குட்டித் தீ), தெர்மோகப்பிள் (அந்தத் தீ அணைஞ்சா வால்வை மூட வைக்கிற சென்சார்) நாலும் ஒரே செட்டா, டெஸ்ட் பண்ணி வர்றதை வாங்கணும். கேஸ் லைன்ல கை வைக்கிறது லைசென்ஸ் உள்ள ஃபிட்டரோட வேலை. பைப் கேஸ் இருக்கிற வீடுன்னா கம்பெனி ஆள் வந்துதான் தனி பாயின்ட் எடுத்துத் தரணும், அடுப்புக்குப் போற டியூப்ல டி-ஜாயின்ட் போட்டு இழுக்கிற ஜுகாட் (ஒப்பேத்தற வேலை) எல்லாம் வேணவே வேணாம்.

முதல் வேலை: ரூமுக்கு எவ்ளோ சூடு வேணும்னு கணக்கு போடறது

கடைல போய் கேட்டா நேரா மூணு தட்டு (கேஸ் எரிஞ்சு பழுக்கற செராமிக் பலகை) வச்ச 4.2 கிலோவாட் ஹீட்டரைத் தூக்கிக் குடுப்பான். நம்ம ரூமுக்கு அது தேவையான்னு பாப்போம். 12க்கு 12 ரூம், 10 அடி ஒசரம், அப்போ சுமார் 41 கன மீட்டர் காத்து. வெளிய 6 டிகிரி, உள்ள 19 வேணும், வித்தியாசம் 13. வெளிச்சுவர் ஒண்ணுதான், 9 இன்ச் செங்கல், ஜன்னல் போக ஒரு 9 சதுர மீட்டர். ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியா சுமார் 2 வாட் வெளிய போகும், அப்போ 240 வாட் மாதிரி. ஜன்னல் கண்ணாடி 2 சதுர மீட்டர், அது சுவரை விட ரொம்ப மோசம், 150 வாட் குடிக்கும். ஒரு மணி நேரத்துல ரூம் காத்து ரெண்டு தடவை மாறுதுன்னு வச்சா அதுக்கு ஒரு 360. மொத்தமா 750 வாட். மாடிக்கு மேல மாடி இல்லாத கடைசி ஃப்ளோர்னா காங்கிரீட் தளம் வழியா இன்னொரு 500 வாட் சேத்துக்கங்க.

அதாவது ரூம் ஒரு தடவை சூடானப்புறம் ஒரு கிலோவாட் ஒண்ணேகால் கிலோவாட் போதும். ஆனா சாயங்காலம் முழுக்க ஜில்லுனு கிடந்த செங்கல்லும் தளமும் சூடாக ரெட்டிப்பு வேணும். அதனால 1.4 கிலோவாட் தட்டு ரெண்டு, தனித்தனியா ஆஃப் பண்ற மாதிரி. ஏத்தினதும் ரெண்டும் எரியும், அரை மணி முக்கா மணில ஒண்ணை அணைச்சிடலாம். மூணாவது தட்டு வாங்கினா என்ன ஆகும்னா, எல்லாரும் மூணையும் போட்டுட்டு வேர்க்குதுன்னு ஒண்ணுக்குக் கொண்டு வந்து, அந்த ஒரு தட்டும் ஓரத்துல இருக்கிற தட்டா இருந்து, பாதி சூடு சோபாவோட கைப்பிடிக்குப் போகும்.

எல்பிஜி ஒரு கிலோவுல சுமார் 12.8 யூனிட் சூடு இருக்கு, 14.2 கிலோ சிலிண்டர்ல 180 யூனிட். ஒரு தட்டுல ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் ஓட்டினா ஒரு மாசம் வரும். ரெண்டு தட்டையும் விடாம ஓட்டினா 65 மணி நேரத்துல சிலிண்டர் காலி.

காத்தை சூடாக்கறதா, ஆளை சூடாக்கறதா

டெல்லிக்காரங்க ஜனவரி மத்தியானம் மொட்டை மாடில உக்காந்து வேர்க்கடலை உரிப்பாங்க பாருங்க, காத்து 15 டிகிரிதான் இருக்கும், ஆனா ஸ்வெட்டரைக் கழட்டி வச்சிட்டு உக்காந்திருப்பாங்க. வெயில் நேரா ஒடம்புல படுது, அதான் விஷயம். முன்பக்கம் திறந்த ஹீட்டரோட மொத்த நியாயமும் இதுதான். காத்தை சூடாக்கினா அது மேல போய் ஃபேன் றெக்கையைச் சுத்திக்கிட்டு நிக்கும், கீழ ஜமக்காளத்துல உக்காந்திருக்கிற நமக்கு ஒண்ணும் வராது.

இந்தக் கதிர் சூடு தட்டோட வெப்பநிலையைப் பொறுத்து ரொம்பச் சட்டுனு ஏறும். கருப்பு மேற்பரப்பு ஒண்ணு 400 டிகிரில ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 11.6 கிலோவாட் வீசும், அதையே 800 டிகிரிக்குக் கொண்டு போனா 75 கிலோவாட். டிகிரி ரெட்டிப்பு, சூடு ஆறு மடங்குக்கு மேல. அதனால நீல ஜ்வாலையைத் திறந்து எரியவிட்டு முன்னாடி தகரத்தைக் காட்டறது வேஸ்ட், நீல ஜ்வாலை தானா கதிர் வீசறது ரொம்பக் கம்மி. ஜ்வாலையை ஒரு திடப்பொருளுக்குள்ள எரிய வச்சு அந்தப் பொருளைப் பழுக்க வைக்கணும். அதுக்குத்தான் செராமிக் தட்டு. கைல எடுத்துப் பாத்தா பிஸ்கட் கலர்ல, முழுக்க ஒண்ணேகால் மில்லிமீட்டர் சைஸ் ஓட்டை ஓட்டையா, எடை இல்லாம இருக்கும். சுமார் 13 சென்டிமீட்டருக்கு 9 சென்டிமீட்டர், கனம் 13 மில்லிமீட்டர். கேஸும் காத்தும் முழுசா கலந்து பின்பக்கத்துலேர்ந்து வரும், எரியறது முன்பக்கத்து ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் ஆழத்துலதான். செராமிக் சூட்டை அவ்ளோவா கடத்தாது, அதனால முன்பக்கம் ஆரஞ்சாப் பழுத்தாலும் பின்பக்கம் கேஸ் பத்திக்கிற அளவுக்கு சூடாகாது. தட்டுல ஒரு சின்ன விரிசல் விழுந்தா இந்தப் பாதுகாப்பு போச்சு, டப்புனு சத்தத்தோட தீ பின்னாடி பாஞ்சிடும். விரிசல் விட்ட தட்டை ஃபயர் சிமென்ட் பூசி ஓட்டறவங்களை நான் பாத்திருக்கேன். மாத்திடுங்க, அவ்ளோதான்.

தட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னாடி சூடு தாங்கற கம்பி வலை ஒண்ணு வச்ச பர்னர் கிடைச்சா அதையே வாங்குங்க. வெளிய போற சூடான புகை அந்த வலையைப் பழுக்க வைக்கும், வலை தானும் கதிர் வீசி தட்டுக்கும் திருப்பிக் குடுக்கும். நல்லா அமைஞ்சா போட்ட கேஸ்ல பாதி கதிரா வெளிய வரும்.

2.8 கிலோவாட்ல பாதி 1.4. இது ஒரு மீட்டர் தூரத்துல நேரா உக்காந்தா சதுர மீட்டருக்கு சுமார் 450 வாட், ரெண்டு மீட்டர்ல 110தான். மாடி வெயில் மாதிரி வேணும்னா ஒண்ணு ஒண்ணேகால் மீட்டருக்குள்ள உக்காரணும், அதை வச்சுதான் ஹீட்டர் எந்தச் சுவர்ல வரணும், திவான் எங்க போடணும்னு முடிவு பண்றது. ஆனா ஒரு மீட்டருக்கும் கம்மியா துணி, கர்ட்டன், பேப்பர், ரஜாய் எதுவும் வரக்கூடாது. முன்னாடி பிரிக்க முடியாத மாதிரி கம்பி கார்டு கட்டாயம், புடவை முந்தானையும் துப்பட்டாவும் எங்க பறக்கும்னு யாருக்கும் தெரியாது.

ஜெட் விஷயத்துல ஏமாறாதீங்க

ஜெட்டுன்னா பர்னருக்குள்ள கேஸைப் பீச்சற, சின்ன ஓட்டை வச்ச பித்தளை மூக்கு. எல்பிஜி ரெகுலேட்டர்லேர்ந்து வர்ற பிரஷர் சுமார் 30 மில்லிபார், பைப் கேஸ் வீட்டுக்குள்ள 21 மில்லிபார். ஒரு கிலோவாட்டுக்கு எல்பிஜில சுமார் 0.53 மிமீ ஓட்டை போதும், பைப் கேஸுக்கு 0.75 மிமீ வேணும். 1.4 கிலோவாட் தட்டுக்குன்னா எல்பிஜி ஜெட் 0.63 கிட்ட, பைப் கேஸ் ஜெட் 0.88 கிட்ட வரும். பைப் கேஸ் ஜெட்டை எல்பிஜில மாட்டினா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு சூட்டைத் திணிக்கிற மாதிரி, காத்து பத்தாம மஞ்சளா எரிஞ்சு சுவரெல்லாம் கரி. எனக்கு நடந்ததே அதான். சாவ்ரி பஜார்ல ஒரு கடைல "எல்லாம் ஒண்ணுதான் பாய்சாப்"னு குடுத்ததை நம்பி வந்தேன், மூணாவது நிமிஷம் மேல்பக்கத்து வெள்ளைச் சுவர்ல விபூதிப்பட்டை மாதிரி கருப்பா ஒரு இழுப்பு. அப்பா பாத்துட்டு "என்னடா, ஹீட்டருக்கு திருஷ்டி கழிச்சியா"ன்னார். ஜெட் நம்பரை பர்னர் கம்பெனி சொன்ன நம்பரோட ஒத்துப் பாருங்க, கடைக்காரரை நம்பாதீங்க, டிரில் வச்சு பெருசாக்கற வேலையும் வேணாம்.

காத்துக் கணக்கு, இதுலதான் முக்காவாசிப் பேர் கோட்டை விடறாங்க

சிம்னி இல்லாத ஹீட்டர் நூத்துக்கு நூறு எஃபிஷியன்ட்னு சொல்லி விக்கிறாங்க, பேப்பர்ல அது நெசம், எரிஞ்ச சூடு மொத்தமும் ரூமுக்குள்ளதான் இருக்கு. எரிஞ்ச புகையும் ரூமுக்குள்ளதான் இருக்கு. 2.8 கிலோவாட் எல்பிஜி ஒரு மணி நேரத்துல 220 கிராம் கேஸ் குடிக்கும். ஒரு கிலோ எல்பிஜி எரிஞ்சா மூணு கிலோ கார்பன் டை ஆக்சைடும் 1.6 லிட்டர் தண்ணியும் வரும். அப்போ நம்ம ரூம்ல ஒரு மணி நேரத்துக்கு 660 கிராம் கார்பன் டை ஆக்சைடு, ஒரு டம்ளருக்கு மேல தண்ணி. எல்லாம் அடைச்சு வச்சிருந்தா ஒரே மணி நேரத்துல கார்பன் டை ஆக்சைடு கிட்டத்தட்ட 9,000 பிபிஎம் (பத்து லட்சத்துல 9,000 பங்கு) ஏறும், ஆக்சிஜன் 20.9லேர்ந்து 19.5க்கு இறங்கும். இன்னொரு மணி நேரம் போனா 18. இங்கதான் எமன் உக்காந்திருக்கான், ஆக்சிஜன் கொறைஞ்சா பர்னர் அரைகுறையா எரிஞ்சு கார்பன் மோனாக்சைடு வர ஆரம்பிக்கும். அதுக்கு வாசனை கிடையாது, கலர் கிடையாது, தலைவலி மாதிரி தூக்கம் மாதிரி வரும். ஒவ்வொரு குளிருக்கும் அங்கீட்டி (கரி அடுப்பு) ஏத்தி கதவை அடைச்சிட்டுத் தூங்கினவங்க காலைல எந்திரிக்கலன்னு நியூஸ் வருதே, அதே விஷம்தான்.

ஜன்னலைத் திறந்தா சூடு போயிடுமேன்னு எல்லாரும் சொல்றாங்க, நானும் சொல்லிக்கிட்டிருந்தவன்தான். எவ்ளோ போகும்னு ஒரு தடவை கணக்கு போட்டதும் வாய் மூடிடுச்சு. ரூம் காத்து மணிக்கு ரெண்டு தடவை மாறட்டும், 82 கன மீட்டர், 6 டிகிரிலேர்ந்து 19க்கு சூடாக்க 360 வாட். 2,800 வாட் எரிக்கிற எடத்துல 360. எட்டுல ஒரு பங்கு. அதுக்காக உயிரைப் பணயம் வைக்கிறதா?

இருந்தாலும் டெல்லில இன்னொரு தொல்லை இருக்கு, குளிர்ல வெளிக்காத்தே புகைமண்டலம். ஜன்னலைத் திறந்தா ஏர் ப்யூரிஃபையர் சிவப்பைக் காட்டி அலறும். அதனாலதான் எரிஞ்ச புகையைத் தனியா வெளிய கொண்டு போற சிம்னி வச்ச டிசைனுக்கு வந்தேன். சிம்னி வச்சா உள்ள வர்ற வெளிக்காத்தையும் அளவா ஒரே ஓட்டை வழியா வரவைக்கலாம், ப்யூரிஃபையர் அதைச் சமாளிச்சுக்கும். படுக்கிற ரூம்ல மட்டும் சிம்னி இருந்தாலும் வேணாம், ஹால்லயே வச்சுக்கங்க, தூங்கப் போகும்போது அணைச்சிட்டுப் போங்க.

பெட்டி கட்டறது

மாயாபுரில ஒரு மிஸ்திரிகிட்ட 22 கேஜ் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷீட்ல மடிச்சு வாங்கினேன். அமைப்பைச் சொல்றேன், மனசுல படம் வரைஞ்சுக்கங்க. கீழ ரெண்டு தட்டு பக்கத்துல பக்கத்துல, தரைலேர்ந்து ஒரு அடி ஒசரத்துல, லேசா மேல பாத்த மாதிரி பின்பக்கம் சாய்ஞ்சு. தரைல உக்காந்தா நெஞ்சுக்கு, திவான்ல உக்காந்தா முழங்காலுக்கு சூடு வரும். சுத்தி ரிஃப்ளெக்டர், பளபளன்னு பாலிஷ் பண்ண அலுமினியம் எஸ்எஸ்ஸை விட நல்லா திருப்பி அனுப்பும், ஆனா அலுமினியம் 660 டிகிரில உருகிடும், அதனால தட்டை ஒட்டி எஸ்எஸ், வெளி றெக்கைக்கு மட்டும் அலுமினியம். மாசத்துக்கு ஒரு தடவை ஆறினப்புறம் துடைக்கணும், தூசி படிஞ்ச ரிஃப்ளெக்டர் வெறும் தகரம்தான்.

தட்டுக்கு மேல ஒரு கூரை, முன்பக்கம் நாலு விரக்கடை தொங்கற மாதிரி உதடு. எரிஞ்ச புகை முன்னாடி வழிஞ்சு ரூமுக்குள்ள வராம இந்த உதடு பிடிச்சு பின்பக்கம் தள்ளும். மொத டிசைன்ல உதடு ரெண்டு விரக்கடைதான் வச்சேன், கையை நீட்டினா விளிம்புல சூடான காத்து வழியறது தெரிஞ்சுது.

கூரைக்குப் பின்னாலேர்ந்து மேல போற தட்டையான அறைதான் சூட்டைத் திருப்பி வாங்கற எடம். 45 சென்டிமீட்டர் அகலம், 35 ஒசரம், உள்ள குறுக்கும் நெடுக்குமா ரெண்டு தகரத் தடுப்பு, புகை நேரா ஓடாம பாம்பு மாதிரி வளைஞ்சு போகணும். ரெண்டு பக்கமும் சேத்து 0.3 சதுர மீட்டர் பரப்பு வரும், புகைக்கும் ரூம் காத்துக்கும் சராசரி 200 டிகிரி வித்தியாசம் இருந்தா 600 வாட் திரும்ப வாங்கலாம். இந்த அறையைச் சுத்தி ரெண்டு இன்ச் இடைவெளி விட்டு வெளிப்பெட்டி. கீழ ஜாலி (காத்துப் போக ஓட்டை வச்ச தட்டி), மேல ஜாலி. ரூம் காத்து கீழ நுழைஞ்சு சூடாகி மேல வரும், ஃபேன் தேவையே இல்ல. தடுப்பு மூணு நாலுன்னு அடுக்கி இன்னும் பிழியலாமேன்னு ஆசை வரும். ஒரு அளவுக்கு மேல புகை ஆறிப்போனா அது மேல ஏறாது, 55 டிகிரிக்குக் கீழ போச்சுன்னா புகைல இருக்கிற தண்ணி அங்கயே வேர்க்க ஆரம்பிச்சு ஷீட்டை அரிக்கும். அறையை விட்டு வெளிய வரும்போது நூத்தம்பது டிகிரி கிட்ட இருக்கட்டும்.

அறைக்கு மேல, சிம்னிக்குக் கீழ ஒரு திறந்த வாய் விடணும். சிம்னி இழுக்கற மிச்சக் காத்தை இந்த வாய் வழியா ரூம்லேர்ந்து எடுத்துக்கும், பர்னரைப் போட்டு இழுக்காது. வெளிய பலமா காத்தடிச்சு கீழ தள்ளினாலும் தட்டு மேல போய் மோதாது. நிறைய பேர் இதை அநாவசிய ஓட்டைன்னு நினைச்சு அடைச்சிடுவாங்க, அடைச்சா பர்னர் தாறுமாறா எரியும்.

பின்சுவருக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒரு இன்ச் காத்து இடைவெளி, சுவர்ல சிமென்ட் போர்டு. ப்ளைவுட் பேனல் அடிச்ச சுவர்னா அந்த எடத்துல பேனலைக் கழட்டியே ஆகணும்.

சிம்னி: பெருசு வச்சா நல்லதுன்னு நினைச்சது என் தப்பு

மொதல்ல 6 இன்ச் பைப் வச்சேன், தாராளமா போகட்டும்னு. ரூம் சூடே ஏறல. ஏன்னா சிம்னிக்குள்ள காத்து செகண்டுக்கு 2 மீட்டர் வேகத்துல போனா 6 இன்ச் பைப் மணிக்கு 130 கன மீட்டர் கிட்ட ரூம் காத்தை உறிஞ்சி வெளிய துப்பும், 570 வாட் போச்சு. 4 இன்ச் பைப்ல அதே வேகத்துக்கு 57 கன மீட்டர், 250 வாட். ரூமுக்கு வேண்டிய காத்து மாத்தமும் அதுலயே ஓரளவு நடந்துடுது. பர்னரோட கம்பெனி பேப்பர்ல குறைஞ்சபட்ச சைஸ் போட்டிருக்கும், அதுக்குக் கீழ மட்டும் போகாதீங்க.

ஒசரம் மூணு மீட்டராவது நட்டமா ஏறணும். பைப்புக்குள்ள சராசரி 100 டிகிரி, வெளிய 6 டிகிரின்னா சுமார் 9 பாஸ்கல் இழுப்பு கிடைக்கும். 9 பாஸ்கல்ங்கிறது ஒரு மில்லிமீட்டர் தண்ணி ஒசரம் அளவுக்குக்கூட இல்ல, அவ்ளோ சின்ன பலம். ஒரு முழங்கை வளைவு வச்சாலே அதுல ஒரு பங்கை முழுங்கிடும், அதனால சுவரைத் தாண்ட ஒரு வளைவோட நிறுத்துங்க, படுக்கை வசமா போற பைப் ஒண்ணரை அடிக்கு மேல வேணாம். பால்கனில போற பைப்புக்கு ராக்வூல் (சூடு போகாம தடுக்கற கல் பஞ்சு) சுத்தி மேல ஜிஐ ஷீட் போத்துங்க, இல்லன்னா புகை ஆறி கருப்புத் தண்ணியா கீழ் வீட்டுத் துணி மேல சொட்டும், அப்புறம் ஆர்டபிள்யூஏ (குடியிருப்போர் சங்கம்) வாட்ஸ்ஆப் குரூப்ல ஒரு வாரம் உங்க பேர்தான். வாய்ல தொப்பி, யார் வீட்டு ஜன்னலுக்கும் பக்கத்துல முடியக்கூடாது.

இப்ப கூட்டிப் பாருங்க. 2.8ல கதிர் 1.4, அறை வழியா 0.6, சிம்னில 0.8 போகுது. ரூமுக்கு வந்த 2லேர்ந்து சிம்னி இழுத்துட்டுப் போற காத்துக்கு 0.25 கழிச்சா 1.75. நூத்துக்கு அறுபத்திரண்டு மாதிரி. கேக்கக் கம்மியாத் தெரியும், ஆனா அதுல 1.4 நேரா ஆள் மேல படற சூடு.

காத்து உள்ள வர்ற ஓட்டை

முன்பக்கம் திறந்த ஹீட்டர் வச்ச வீட்ல எல்லாரும் சொல்ற புகார், மூஞ்சி வேகுது முதுகு ஜில்லுங்குது. சிம்னி இழுக்கிற காத்து எங்கேர்ந்தோ வரணும்ல, வாசக்கதவு அடிலேர்ந்து தரையோட ஊர்ந்து நம்ம முதுகைத் தடவிக்கிட்டுதான் ஹீட்டருக்குப் போகும். எஃபிஷியன்சிக்கு நான் செஞ்சதுலயே உருப்படியான வேலை இதுதான்: ஹீட்டருக்குப் பக்கத்துலயே வெளிச்சுவர்ல 6க்கு 4 இன்ச் ஓட்டை, தரைலேர்ந்து அரை அடில. வெளிக்காத்து வந்து நேரா வெளிப்பெட்டியோட கீழ் ஜாலிக்குப் போற மாதிரி ஒரு தகர மடிப்பு. நாம உக்கார்ற பக்கம் வராமலே சூடாகி மேல வந்துடுது. தட்டு மேல நேரா அடிக்காம பாத்துக்கங்க. கொசுவலை போடாதீங்க, டெல்லி தூசிக்கு ஒரு வாரத்துல அடைச்சிடும், எலி நுழையாத அளவு கம்பி வலை போதும். அந்த ஓட்டைக்கு மூடி வைக்கவே கூடாது. மூடி இருந்தா யாராவது மூடுவாங்க.

எல்பிஜி காத்தை விட கனம், கசிஞ்சா தரைல தேங்கும், அதுக்கும் இந்தக் கீழ் ஓட்டை உதவும். பைப் கேஸ் லேசு, மேல போகும், அதுக்கு மேலயும் ஒரு ஜாலி வேணும். சிலிண்டரை ஹீட்டர் பெட்டிக்குள்ள சொருகற வேலை வேணாம், பால்கனில நட்டமா நிக்கட்டும், நடுவுல சுவர் இருக்கட்டும், எந்தக் குழாய்ல உள்ள கொண்டு வர்றதுன்னு ஃபிட்டர் முடிவு பண்ணட்டும். குளிர்ல கேஸ் இழுக்கலன்னு சிலிண்டர் மேல வெந்நீர் ஊத்தறது இங்க சகஜம், செய்யவே செய்யாதீங்க.

ஏத்திப் பாக்கறது

ஃபிட்டர் முன்னாடியே செய்ங்க. ஜாயின்ட் எல்லாம் சோப்புத் தண்ணி, நுரை வருதான்னு. தீக்குச்சியால பாக்கறவன் இன்னும் இருக்கான். அப்புறம் ஏத்தினா ஒரு நிமிஷத்துல தட்டு முழுக்க ஒரே ஆரஞ்சு கலரா பழுக்கணும். மஞ்சள் நாக்கு தெரிஞ்சா காத்து பத்தல, ஜெட் தப்பு இல்ல காத்து வாய் அடைப்பு. தட்டை விட்டு மேல மிதக்கிற நீல ஜ்வாலைன்னா பிரஷர் ஜாஸ்தி. ஒரு ஓரம் மட்டும் கருப்பா நின்னா உள்ள தூசி. பைலட்டை அணைச்சா தெர்மோகப்பிள் ஆறி வால்வு தானா டக்குனு மூடணும், நேரம் பாத்துக்கங்க. ஆக்சிஜன் சென்சார் உள்ள பைலட்டே வாங்குங்க, ஆக்சிஜன் 18 சதவீதம் கிட்ட வந்தா அது தானா அணைஞ்சிடும், ஆனா அதை நம்பி ஓட்டையை அடைக்கக் கூடாது.

அடுத்தது ஊதுவத்தி டெஸ்ட். பத்து நிமிஷம் எரிஞ்சப்புறம், கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு, ஊதுவத்தியை உதட்டோரமாவும் சிம்னிக்குக் கீழ இருக்கிற திறந்த வாய் கிட்டயும் காட்டுங்க. புகை உள்ள இழுக்கணும். எங்க வீட்ல அழகா இழுத்துது, நான் பெருமையா அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டிக்கிட்டிருந்தேன். அந்த நேரம் பாத்து வீட்டுக்காரி சாம்பார் பொடிக்கு மிளகாய் வறுக்க கிச்சன் சிம்னியைப் போட்டா. ஊதுவத்திப் புகை ஒரு செகண்டு நின்னுச்சு, ஆடுச்சு, அப்படியே திரும்பி என் மூஞ்சிக்கு வந்துச்சு. கிச்சன் சிம்னி மணிக்கு ஆயிரம் கன மீட்டர் இழுக்கும், நம்ம பைப் 57. யார் ஜெயிப்பா? பால்கனில போக வேண்டிய புகை எல்லாம் ஹாலுக்குத் திரும்பிடுச்சு. "அணைடா மொதல்ல"ன்னார் அப்பா. அவர் சொல்றதுக்குள்ள அணைச்சிட்டேன். அலாரத்தோட டிஸ்ப்ளேல 38 பிபிஎம்.

அதனால இந்த டெஸ்டை கிச்சன் சிம்னி, பாத்ரூம் எக்ஸாஸ்ட் எல்லாத்தையும் ஃபுல்லா ஓடவிட்டுத்தான் பண்ணணும். நான் கிச்சனுக்குத் தனி ஜாலி திறந்து, நடுக்கதவு போட்டு, ஹீட்டர் எரியும்போது அந்தக் கதவு மூடியே இருக்கும்னு வச்சிருக்கேன். அப்படிப் போட்டுட்டு மறுபடி ஊதுவத்தி காட்டினப்புறம்தான் நம்பினேன். உங்க வீட்ல புகை திரும்பினா அந்த ஹீட்டரை ஓட்டக்கூடாது, சரி பண்ற வரைக்கும் ரஜாய்தான்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாம ஒரு நாள்கூட ஏத்தாதீங்க. ஐரோப்பிய தரத்துல வர்ற அலாரம் 50 பிபிஎம்ல ஒரு மணி ஒண்ணரை மணி நேரம் நின்னா அடிக்கும், 300 பிபிஎம்னா மூணு நிமிஷத்துக்குள்ள அடிக்கும். அடிக்கிற வரைக்கும் காத்திருக்காம நம்பர் காட்டற மாடலா வாங்குங்க, எனக்கு அந்த 38 தெரிஞ்சது அதாலதான். உக்கார்ற ஒசரத்துல, ஹீட்டருக்கு நேர் மேல இல்லாம ஒரு ரெண்டு மீட்டர் தள்ளி மாட்டுங்க. டெஸ்ட் பட்டனை வாரத்துக்கு ஒரு தடவை அமுக்கற வேலை எங்க வீட்ல அப்பாவோடது, ஞாயித்துக்கிழமை காலைல மலை மந்திர் முருகன் கோவிலுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி அமுக்கி எல்லாரையும் எழுப்பிட்டுத்தான் போவார்.

ஹோலி முடிஞ்சு ஹீட்டரை மூடி வைக்கும்போது ஃபிட்டரை வச்சு லைனை மூடி, பர்னரோட காத்து வாய்ல ஒரு துணி கட்டி வைங்க. எட்டு மாசத்துல சிலந்தி உள்ள போய் கூடு கட்டிடும், நவம்பர்ல ஏத்தினா மஞ்சளா எரியறதுக்குப் பாதி காரணம் அதுதான். துணி கட்டினதை ஒரு சீட்டுல எழுதி நாப் மேலயே ஒட்டிடுங்க, அவுக்காம ஏத்தினா அதுவே வம்பு. ஜெட்டுல அடைப்புன்னா ஊசி விட்டுக் குத்தாதீங்க, பித்தளை, ஓட்டை பெருசாயிடும். ஊதிப் பாருங்க, போகலன்னா புது ஜெட்.